கசிவெல்லாம் இழப்பா? கீழ்பவானி கான்கிரீட்டிலிருந்து டெல்டா கடைமடை வரை

மஞ்சக்காட்டான்:

பவானிசாகர் அணையிலிருந்து ஓடும் கீழ்பவானி மண் வாய்க்காலுக்குக் கான்கிரீட் பூசலாமா கூடாதா என்ற விவகாரம் பற்றி இந்தக் குழுமத்தில் ஏற்கெனவே ஓடிய இழைகள் வசவில் முடிந்து பூட்டப்பட்டன. அதனால் இம்முறை அதே சண்டையை வேறு முனையிலிருந்து பிடிக்கலாம் என்று பார்க்கிறேன்.

பாசனம் பற்றி அரசு அறிக்கை எதை எடுத்தாலும் நம் நாட்டுக் கால்வாய்ப் பாசனத்தின் திறன் 35, 40 சதவீதம்தான், மீதி வீண் என்று இருக்கும். கிணற்றுப் பாசனம் என்றால் 65, 70. சொட்டுநீர் என்றால் 90. இந்த எண்களை வைத்துத்தான் கான்கிரீட்டுக்கும் குழாய்க்கும் கோடிகள் ஒதுக்குகிறார்கள். கீழ்பவானியில் 2020இல் சுமார் 710 கோடிக்கு அரசாணை வந்ததும் இதே கணக்கில்தான்.

என் கேள்வி சின்னது. அந்த "வீண்" 60 சதவீதம் எங்கே போகிறது? தண்ணீர் மாயமாக மறையாது. மண்ணுக்குள் இறங்கினால் யாருடைய கிணற்றிலாவது ஏறும், இல்லை ஓடையில் வடிந்து ஆற்றில் சேரும். பவானி, நொய்யல், அமராவதி எல்லாமே காவிரியில்தான் சேர்கின்றன. அப்படியானால் ஒரு வாய்க்காலை மட்டும் தனியாக எடுத்துத் திறன் பார்ப்பது சரியா? ஆறு முழுவதையும் வைத்துப் பார்த்தால் உண்மையில் தொலைகிற தண்ணீர் எவ்வளவு, எங்கே?

விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கட்சி அரசியல் வேண்டாம்.

---

124ஆவது மைல்:

கேள்வி சின்னதுதான். பதில் கடைசி மைலில் இருக்கிறவனுக்கு வலிக்கும்.

அணையிலிருந்து 124 மைல், அதாவது 200 கிலோமீட்டர் தாண்டித்தான் எங்களுக்குத் தண்ணீர். திறந்துவிட்டு எத்தனையோ நாள் கழித்து வரும். மேலே எங்காவது கரை உடைந்தால் அந்த முறையே போச்சு. கசிகிற தண்ணீர் யாருடைய கிணற்றிலோ ஏறுகிறது என்று சொல்வது சுலபம். அந்தக் கிணறு என்னுடையதா? இல்லை. ஆயக்கட்டில் (வாய்க்காலில் பாசன உரிமை உள்ள நிலத்தில்) பெயர் இருக்கிற எனக்கு இல்லாத தண்ணீர், ஆயக்கட்டிலேயே இல்லாதவன் தென்னந்தோப்புக்குப் போகிறது. இதை "இழப்பில்லை" என்று கணக்கெழுதினால் அது யாருக்கான கணக்கு?

---

மேட்டாங்காடு:

அந்தத் தென்னந்தோப்புக்காரன் நான்தானுங்க. பேசி விடலாம்.

வாய்க்கால் 1950களில் வந்தது. வருவதற்கு முன் எங்கள் பக்கம் கம்பும் சோளமும் மட்டும்தான், அதுவும் மழை பெய்தால். வாய்க்கால் வெட்டியதற்கு எங்கள் தாத்தாக்களின் நிலமும் போயிருக்கிறது. கரைக்கு இந்தப் பக்கம் கிணறு ஊறத் தொடங்கியதும் அதை நம்பி மரம் வைத்தோம், மாடு வாங்கினோம். ஊர்க் குடிநீருக்குப் பஞ்சாயத்து போட்ட போர் கூட வாய்க்காலில் தண்ணீர் ஓடினால்தான் பொங்கும், அடைத்த ரெண்டு மாசத்தில் இறங்கிவிடும். எழுபது வருஷமாக இப்படி. இப்போது வந்து "நீ திருடன், சிமெண்ட் பூசிவிடுகிறோம்" என்றால் எப்படி?

இன்னொன்று. கசிவு முழுக்க எங்களோடு நிற்பதில்லை. கசிவுநீர் ஓடைகள் ஓடுகின்றன, அதில் தடுப்பணை கட்டிப் பாசனம் செய்கிற ஊர்கள் இருக்கின்றன. அதற்கும் கீழே 13ஆம் நூற்றாண்டுக் காளிங்கராயன் வாய்க்கால் இருக்கிறது. அவர்களுக்கும் இதில் பங்கு உண்டு.

---

பழைய மதகு:

பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை, ஆனால் எண் போடாமல் பேசினால் இது முடியவே முடியாது. நான் கொஞ்சம் போட்டுக் காட்டுகிறேன்.

விநாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டி.எம்.சி., அதாவது நூறு கோடி கன அடி. கீழ்பவானி வாய்க்காலின் முழு அளவு 2,300 கன அடி. ஆக, ஐந்து நாளுக்கு 1 டி.எம்.சி. ஆகஸ்ட் 15 முதல் டிசம்பர் 15 வரை சுமார் 120 நாள் ஓடினால் 24 டி.எம்.சி. மொத்த ஆயக்கட்டு 2.07 லட்சம் ஏக்கர், அதில் பாதிக்கு, 1,03,500 ஏக்கருக்கு, ஒரு வருடம் நஞ்சைக்கு இந்த 24. மற்ற பாதிக்குப் புன்செய்க்கு 12, முறை வைத்து. ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று வருடம் மாற்றி மாற்றி வரும்.

இப்போது அந்த 24 டி.எம்.சி.யை 1,03,500 ஏக்கரிலும் சமமாகப் பரப்பினதாக நினைத்துக்கொள்ளுங்கள். 5.3 அடி உயரம் நிற்கும். நெல்லுக்கு நாற்றங்கால், சேற்றுழவு, நடவு முதல் அறுப்பு வரை எல்லாம் சேர்த்துப் போடுகிற வழக்கமான கணக்கு 1,250 மில்லிமீட்டர், 4 அடிக்குக் கொஞ்சம் மேல். வடகிழக்குப் பருவமழை வேறு தலையில் பெய்கிறது. அந்த 4 அடியிலும் பயிர் உறிஞ்சி ஆவியாக விடுவது ஏறக்குறைய பாதிதான். மீதி வயலிலேயே கீழே இறங்குகிறது. வாய்க்காலில் கசிவதை மட்டும் எல்லாரும் பேசுகிறார்கள். நெல் வயலே ஒரு பெரிய ஊறல் குட்டை என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

ஆகவே 124ஆவது மைல் தம்பி, உங்கள் பிரச்சினை தண்ணீர் போதாததால் மட்டும் வரவில்லை. வாய்க்கால் தொடங்குகிற தலைப்பில் விடுவது மொத்தக் கணக்கில் போதும். அது உங்களிடம் எப்போது வருகிறது, எவ்வளவு வருகிறது என்பதில்தான் கோளாறு. கசிவு அதில் ஒரு காரணம். மேலே இருக்கிறவர்கள் மதகைக் கூடுதலாகத் திறந்து வைப்பது இன்னொன்று. வாய்க்காலில் மோட்டார் போட்டு இறைப்பது மூன்றாவது. கான்கிரீட் முதலாவதை மட்டும்தான் அடைக்கும்.

---

124ஆவது மைல்:

ஐயா, மூன்றையும் அடைக்கச் சொல்லித்தான் கேட்கிறோம். மோட்டாரை யார் பிடுங்குவது? லஸ்கர் (மதகைத் திறந்து மூடுகிற ஊழியர்) ஒருத்தரை நம்பி எத்தனை மைல் விட்டிருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மனிதர்களைத் திருத்த முடியாத இடத்தில் சிமெண்ட்டாவது இருக்கட்டும் என்கிறோம்.

---

நீர்க்கணக்கு:

ஆய்வு மாணவி. மஞ்சக்காட்டான் அண்ணா கேட்ட கேள்வி நீரியலில் பழைய கேள்வி, 1990களிலேயே கொழும்புக்குப் பக்கத்தில் இருக்கிற பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தார் இதை விரிவாக எழுதிவிட்டார்கள். அவர்கள் சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

அணையிலிருந்து எடுத்த தண்ணீர், உண்மையில் செலவான தண்ணீர், இவை இரண்டும் வேறு வேறு. பயிர் வழியாகவோ மண், நீர்ப்பரப்பு வழியாகவோ ஆவியாகிப் போனது செலவு. அது இந்தப் படுகைக்கு, அதாவது இந்த ஆற்றில் வந்து வடிகிற மொத்த நிலப்பரப்புக்கு, திரும்ப வராது. உப்பான நிலத்தடி நீரில் போய்க் கலந்ததும் செலவு, கடலில் சேர்ந்ததும் அப்படியே. பயன்படுத்த முடியாத அளவுக்கு அழுக்கானாலும் செலவுதான். இவை போக மற்றதெல்லாம் இன்னும் படுகைக்குள்ளேயே இருக்கிறது, வேறு ஒருவர் எடுத்துக்கொள்வார். அதனால் ஒவ்வொரு வாய்க்காலும் 40 சதவீதத் திறனில் ஓடும் ஒரு படுகையில், மொத்தமாகப் பார்த்தால் திறன் மிக அதிகமாகவும் இருக்கலாம். மேலே வடிந்ததைக் கீழே, கீழே வடிந்ததை அதற்கும் கீழே என்று திரும்பத் திரும்ப எடுக்கிறார்களே.

அப்படிப்பட்ட படுகையில் ஒரு வாய்க்காலைப் பூசி "மிச்சம்" பிடித்தால் அந்த மிச்சம் புதிதாக வந்த தண்ணீர் ஆகாது. யாரோ ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கை மாறியது, அவ்வளவுதான். அமெரிக்கா-மெக்சிகோ எல்லையில் ஓடும் ஆல் அமெரிக்கன் கால்வாயில் இது அப்பட்டமாக நடந்தது. மண் கால்வாயாக இருந்ததில் 23 மைல் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாய் கட்டினார்கள். வருடத்துக்கு 67,700 ஏக்கர் அடி மிச்சம் என்று கணக்கு, நம் அளவில் ஏறத்தாழ 3 டி.எம்.சி. அது கலிபோர்னியாவின் சான் தியேகோ பக்கம் போனது. ஆனால் அத்தனை வருடம் அந்தக் கசிவைக் கிணறு வழியாக எடுத்துப் பயிர் செய்தவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம், மெக்சிகாலி பள்ளத்தாக்கு விவசாயிகள். வழக்குப் போட்டுப் பார்த்தார்கள், நிற்கவில்லை.

மேட்டாங்காடு ஐயா சொல்கிற கதையும் இதேதான். நடுவில் நாட்டு எல்லை இல்லை என்பது மட்டும் வித்தியாசம்.

---

124ஆவது மைல்:

»கை மாறியது, அவ்வளவுதான்

அந்த "அவ்வளவுதான்" தான் எங்களுக்கு எல்லாமே, அம்மணி. கை மாறட்டும். ஆயக்கட்டுதாரர் கைக்கு மாறட்டும். அணை கட்டும்போது தண்ணீர் யாருக்கு என்று எழுதி வைத்துத்தானே கட்டினார்கள்?

---

நீர்க்கணக்கு:

அது நியாயமான வாதம், நான் மறுக்கவில்லை. ஆனால் அதை உரிமைப் பிரச்சினை என்று சொல்லுங்கள். "நீர் சேமிப்புத் திட்டம்" என்று பெயர் வைத்து எண்ணைக் காட்டும்போதுதான் எனக்கு உறுத்துகிறது. சேமிப்பு என்றால் போட்டி இல்லாத தண்ணீர் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

---

கடைமடைக்காரி:

திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இரண்டு நாளாகப் படித்துக்கொண்டே இருந்தேன். கொங்குப் பக்கத்து நியாயத்தை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டு வராதீர்கள் என்று சொல்லத்தான் வந்தேன்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் வாய்க்கால் கசிந்தால் போர்வெல்லில் கிடைக்கும். அங்கே மேட்டூர் திறக்காத ஜூன் மாதத்திலும் பம்புசெட் வைத்துக் குறுவை நடுகிறார்கள் என்றால் அந்தக் கசிவும் மழையும் கீழே சேர்ந்து கிடப்பதால்தான். எங்களுக்கு? கீழே உப்பு. திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம், நாகப்பட்டினம் கரையோரம் எங்கே போர் போட்டாலும் வாயில் வைக்க முடியாது. எங்கள் வாய்க்காலில் கீழே இறங்கின தண்ணீர் இறங்கினதுதான். யாரும் இறைத்துத் திருப்பித் தர முடியாது. மாணவி சொன்ன கணக்கிலேயே அது முழு இழப்பு.

கூத்து என்னவென்றால், கான்கிரீட் போடுவது பெரும்பாலும் மேலேதான். கல்லணைக் கால்வாயில் தரையிலும் கான்கிரீட் போடப் போகிறார்கள் என்றபோது தஞ்சாவூர் விவசாயிகள் நிலத்தடி நீர் போய்விடும் என்று போராடினார்கள். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. இங்கே உப்பு மண்ணில் இருக்கிற சி, டி பிரிவு வாய்க்கால்களுக்கு (வயலுக்குப் போகிற சின்னக் கிளைகளுக்கு) வருஷா வருஷம் தூர்வாருவதோடு சரி, அதுவும் தண்ணீர் வர நாலு நாள் இருக்கும்போது. கசிவு சொத்தாக இருக்கிற இடத்தில் பூசுகிறோம், நஷ்டமாக இருக்கிற இடத்தில் விட்டுவிடுகிறோம்.

இன்னொரு விஷயம், எங்கள் பக்கம் பாசனமும் வடிகாலும் தனித்தனியாக இல்லை. மேலே ஒரு ஊருக்கு வடிகாலாக இருப்பது கீழே வந்தால் எங்களுக்குப் பாசன வாய்க்கால். மேலே வயல் வழிந்ததைத்தான் நாங்கள் எங்கள் வயலுக்குக் கட்டுகிறோம். மேலே இருப்பவர்கள் சொட்டுக்கூட வழியாமல் "திறமையாக"ப் பாசனம் செய்தால் எங்களுக்கு வந்துகொண்டிருந்த ஒன்றும் நின்றுபோகும். கொறம்பு (வாய்க்காலுக்குக் குறுக்கே தற்காலிகத் தடுப்பு) போட்டு நீர்மட்டம் ஏற்றிக் கட்டுகிற ஊர்களுக்கு இது தெரியும்.

---

மஞ்சக்காட்டான்:

அக்கா, இதைத்தான் கேட்க நினைத்தேன். அப்படியானால் கசிவு இழப்பா இல்லையா என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அடியில் நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். வரைபடத்தில் ஒரு கோடு போட்டு, கோட்டுக்குக் கிழக்கே பூசு, மேற்கே பூசாதே என்று சொல்லிவிடலாமா?

---

பழைய மதகு:

கோடு அவ்வளவு நேராக விழாது, ஆனால் யோசனை சரி. பள்ளத்தைக் கடக்க மண் கொட்டி உயர்த்திய கரைகள், பாலங்கள், பழைய மதகுகள், கரை உடைய வாய்ப்புள்ள இடங்கள், இவை எங்கே இருந்தாலும் பலப்படுத்தித்தான் ஆக வேண்டும். அங்கே பிரச்சினை கசிவு அல்ல, பாதுகாப்பு. கீழ்பவானியில் எதிர்த்தவர்களிலும் பலர் அதை மறுக்கவில்லை. தரையையும் இரண்டு பக்கமும் சேர்த்து நீளத்துக்குப் பூசுவதைத்தான் மறுத்தார்கள்.

---

பெங்களூருவாசி:

இதில் மேலே இருக்கிற எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கர்நாடகத்தில் மண்டியா பக்கம் விஸ்வேஸ்வரய்யா கால்வாயையும் சீரமைத்துப் பூசியிருக்கிறார்கள். அங்கேயும் மத்தூர், மளவள்ளி கடைமடைக்காரர்கள் நம் 124ஆவது மைல் சொல்கிற அதே புகாரைத்தான் சொல்வார்கள், கன்னடத்தில். அந்த ஆயக்கட்டில் வடிகிற தண்ணீர் சிம்ஷா ஆற்றில் இறங்கிக் காவிரியில் சேர்ந்து, தமிழ்நாட்டுக்கு வரும் தண்ணீரை அளக்கிற எல்லை இடமான பிலிகுண்டுலுவுக்குத்தான் வரும். அங்கே கசிவைக் குறைத்து, மிச்சமானதை வைத்துப் புதிதாக ஏக்கர் சேர்த்தால் கீழே வருவது குறையும். காகிதத்தில் "திறன் கூடியது" என்றுதான் இருக்கும்.

---

காவேரிமைந்தன்77:

இதற்குத்தான் அவர்களை நம்பக் கூடாது என்கிறோம். எழுபது வருஷமாக...

[இந்தப் பதிவின் மீதியை மட்டுறுத்துநர் நீக்கியுள்ளார்]

---

மட்டுறுத்துநர்:

மாநிலச் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே தண்ணீர்க் கணக்கு மட்டும்.

---

நீர்க்கணக்கு:

கணக்கு என்று சொன்னதால் ஒன்று. காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் 2018 பிப்ரவரி 16 தீர்ப்பில் கர்நாடகத்துக்கு 14.75 டி.எம்.சி. கூடுதலாகப் போனது எல்லாருக்கும் நினைவிருக்கும். பிலிகுண்டுலுவில் நமக்கு வர வேண்டியது 192இலிருந்து 177.25 ஆனது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தமிழ்நாட்டுக் காவிரிப் பகுதியில் 20 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருக்கிறது, அதில் 10 டி.எம்.சி.யையாவது கணக்கில் எடுக்கலாம் என்பது. காவிரி நடுவர் மன்றம் 2007இல் அதைச் சேர்க்கவில்லை.

அந்த நிலத்தடி நீர் எங்கிருந்து வந்தது? ஒரு பங்கு மழை. ஒரு பங்கு ஆற்றிலும் வாய்க்காலிலும் வயலிலும் இறங்கியது, அதாவது ஏற்கெனவே பிலிகுண்டுலுவில் ஒரு முறை அளந்து வாங்கிய தண்ணீர். இப்போது டெல்டாவின் மேல்பகுதி வாய்க்கால்களை முழுக்கப் பூசினால் எந்த ஊற்றை "உங்களிடம் இருக்கிறதே" என்று சொல்லிப் பங்கைக் குறைத்தார்களோ, அதை நாமே அடைத்த மாதிரி ஆகும். பங்கும் திரும்ப வராது, ஊற்றும் இருக்காது. தீர்ப்புக்குப் பிறகு கசிவைப் பற்றிப் பேசுகிற எவரும் இதைச் சேர்த்து யோசிக்க வேண்டும் என்பது என் கருத்து.

---

கடைமடைக்காரி:

இதை யாரும் இப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. எங்கள் சங்கக் கூட்டத்தில் படித்துக் காட்டுகிறேன், ஆட்சேபணை இல்லையே?

---

நீர்க்கணக்கு:

தாராளமாக, அக்கா. எண்களைத் தீர்ப்பிலிருந்தே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

---

மஞ்சக்காட்டான்:

சொட்டுநீரைப் பற்றியும் பேசிவிடலாம். சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மற்றவர்களுக்கு 75. நான் மஞ்சளுக்குப் போட்டிருக்கிறேன். களை குறைவு, உரத்தைக் குழாயிலேயே விடலாம், ஆள் கூலி மிச்சம். விளைச்சலும் கூடுதல். தண்ணீர் மிச்சமா என்றால் அந்த வயலுக்கு மிச்சம்தான். மிச்சமானதை என்ன செய்தேன்? பக்கத்தில் சும்மா கிடந்த மேட்டுக்காட்டுக்கும் குழாயை இழுத்து மரவள்ளி வைத்தேன். எங்கள் ஊரில் சொட்டுநீர் போட்ட எல்லாரும் இதைத்தான் செய்தார்கள். மோட்டார் ஓடுகிற நேரம் குறையவில்லை. கரண்ட் இலவசம், குறைக்க எந்தக் காரணமும் இல்லை.

மாணவி சொல்கிற கணக்குப்படி முன்பு வயலில் இறங்கித் திரும்பக் கிணற்றுக்கு வந்த தண்ணீர் இப்போது மரவள்ளி வழியாக வானத்துக்குப் போகிறது. என் வருமானம் கூடியிருக்கிறது. நிலத்தடி நீர்?

---

நீர்க்கணக்கு:

ஆமாம், அண்ணா. ஸ்பெயினிலும் ஆஸ்திரேலியாவின் மர்ரே-டார்லிங் படுகையிலும் இதே விவாதம்தான். அரசு பணம் கொட்டிப் பாசனத்தை நவீனமாக்கியது, ஆற்றுக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த வடிநீர் குறைந்தது, ஆறு எதிர்பார்த்த அளவுக்குத் தேறவில்லை என்று பொருளாதார ஆய்வாளர்கள் கேள்வி எழுப்பினார்கள்.

சொட்டுநீர் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மேலே ஆவியாகிற வீண் செலவை அது குறைக்கிறது, மின்சாரத்தைக் குறைக்க முடியும், ஒரே அளவு தண்ணீருக்கு விளைச்சலைக் கூட்டும். ஆனால் ஏக்கருக்கு வரம்பு இல்லாமல், எடுக்கிற தண்ணீருக்கு வரம்பு இல்லாமல் குழாயை மட்டும் கொடுத்தால் படுகைக்கு மிச்சம் எதுவும் வராது.

நெல்லில் வயலை இடையிடையே காயவிட்டுப் பாய்ச்சுகிற காய்ச்சலும் பாய்ச்சலும் முறைக்கும் இதே விதி. தஞ்சாவூரில் செய்தால் பெரும்பாலும் மின்சாரம் மிச்சம். கடைமடைக்காரி அக்கா ஊரில் செய்தால் தண்ணீரே மிச்சம்.

---

கடைமடைக்காரி:

எங்கள் ஊரில் செய்யலாம், அடுத்த முறை எப்போது வரும் என்று நிச்சயமாகத் தெரிந்தால். தெரியாதபோது கிடைத்ததை வரப்பு வழியத் தேக்கி வைப்போம். வயலைக் காயவிட்டு, பிறகு ஷட்டர் திறக்காவிட்டால் யார் பொறுப்பு? தண்ணீர் சொன்ன தேதியில் வந்தால் பாதித் தண்ணீரில் நடத்திக் காட்டுகிறோம்.

---

நொய்யல்கரை:

நீங்கள் எல்லாரும் அளவைப் பேசுகிறீர்கள். எங்கள் ஆற்றில் அளவு இருந்தது, தண்ணீர் இல்லை. ஒரத்துப்பாளையம் அணை 1992இல் பாசனத்துக்காகக் கட்டினது. திருப்பூர்ச் சாயக் கழிவு வந்து தேங்கினது. பாசனம் செய்தவன் நிலம் உப்புப் பூத்தது, கிணறு கெட்டது. அணையைத் திறந்தாலும் கெடுதல், மூடினாலும் கெடுதல் என்று ஆனது. 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்கிற வரைக்கும் போனது. ஆவியாகித் தொலையவில்லை, கடலுக்குப் போய்த் தொலையவில்லை, அழுக்காகித் தொலைந்தது. அத்தனையும் இழப்பு. இதை எந்தத் திறன் கணக்கில் எழுதுவீர்கள்?

கீழ்பவானிக் கசிவு நல்ல தண்ணீராக நொய்யலில் வந்து விழுவதால்தான் சில இடத்தில் அந்தத் தண்ணீர் கொஞ்சம் நீர்த்துப் போகிறது என்று எங்கள் பக்கத்து ஆட்கள் சொல்வார்கள். அதையும் பூசிவிட்டால் மிச்சம் இருப்பது சுத்தமான கழிவு மட்டும்தான்.

---

மேட்டாங்காடு:

ஒரத்துப்பாளையம் பற்றி யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றிங்க.

---

பழைய மதகு:

நிஜமான இழப்பைப் பட்டியல் போடச் சொன்னால் நான் எதை முதலில் வைப்பேன் என்று ஒருவர் தனி மடலில் கேட்டார். இங்கேயே எழுதுகிறேன்.

நீர்ப்பரப்பில் ஆவியாவது தவிர்க்க முடியாதது, ஆனால் அளவு தெரிந்திருக்க வேண்டும். மேட்டூர் 120 அடி நிரம்பினால் நீர்ப்பரப்பு சுமார் 153 சதுர கிலோமீட்டர். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால்கூட 27 மில்லியன் கன அடி, விநாடிக்கு 300 கன அடிக்கு மேல். ஒரு நடுத்தர வாய்க்கால் அளவு ஓயாமல் மேலே போய்க்கொண்டிருக்கிறது. இதோடு ஒப்பிட்டால் மண்ணுக்குள் தண்ணீரை வைப்பது எவ்வளவு பத்திரம் என்று புரியும். கசிவு ஒரு வகையில் காசில்லாத சேமிப்புக் கிடங்கு.

அடுத்தது வாய்க்காலையும் ஏரியையும் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை, கரையெல்லாம் சீமைக்கருவேலம். யாருக்கும் பயனில்லாமல் உறிஞ்சி ஆவியாக விடுகின்றன, ஓட்டத்தையும் தடுக்கின்றன. இதை எடுப்பதற்கு யாரும் எதிர்ப்புத் தெரிவிக்கப் போவதில்லை, ஆனால் பெரிய ஒப்பந்தம் கிடைக்காத வேலை.

ஆற்று மணல் தனிக் கதை. ஜூன் 12இல் மேட்டூரைத் திறந்தால் காய்ந்து கிடக்கும் ஆற்றுப் படுகை முதல் தண்ணீரைக் குடித்த பிறகுதான் கல்லணைக்கு விடும். அதை இழப்பு என்று எழுதுவார்கள். ஆனால் திருச்சிப் பக்கம் ஆற்றுக்குள் போட்ட கிணறுகளிலிருந்து ராமநாதபுரம் வரை குடிநீர் போகிறது, அந்த "இழப்பு"தான் அங்கே குழாயில் வருகிறது. மணலை அள்ளிக் குழியாக்கி வைத்ததால் ஊற்றும் கெட்டது, வாய்க்கால் தலைப்புகள் ஆற்று மட்டத்துக்கு மேலே தொங்குகின்றன. ஆற்றில் தண்ணீர் ஓடும், வாய்க்காலில் ஏறாது.

கடலுக்குப் போவது பற்றி. நடுவர் மன்றமே தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4, சுற்றுச்சூழலுக்கு 10 டி.எம்.சி. என்று ஒதுக்கியிருக்கிறது. கழிமுகத்துக்கும் பிச்சாவரம் போன்ற அலையாத்திக் காடுகளுக்கும் நன்னீர் வேண்டும், உப்பு உள்ளே ஏறாமல் தள்ளவும் வேண்டும். அதை வீண் என்று சொல்லவே மாட்டேன். ஆனால் 2018 ஆகஸ்டை நினைத்துப் பாருங்கள். மேட்டூர் நிரம்பிக் கொள்ளிடத்தில் வெள்ளம் கடலுக்கு ஓடியது, திருச்சிக்கு அருகே முக்கொம்பு அணையில் 22ஆம் தேதி ஒன்பது ஷட்டர் அடித்துக்கொண்டு போனது. அதே சமயத்தில் கடைமடையில் தண்ணீர் எட்டவில்லை என்று மறியல். வாய்க்கால்கள் அவ்வளவு தண்ணீரைக் கொண்டு போகிற நிலையில் இல்லை. அந்த வருடம் நடந்தது கசிவால் வந்த இழப்பில்லை.

---

124ஆவது மைல்:

ஐயா எழுதியது எல்லாம் சரி. ஆனால் கடைசியில் எனக்கு என்ன கிடைக்கும் என்று யாரும் சொல்லவில்லை. பூசக் கூடாது, கசிவு நல்லது, ஊர் கிணறு ஊறட்டும். நான் மட்டும் காய வேண்டுமா?

---

பழைய மதகு:

காய வேண்டாம். ஒவ்வொரு பகிர்மான வாய்க்கால் தலைப்பிலும் அளவுகோல் வைத்து, நாள்தோறும் எவ்வளவு விட்டார்கள் என்று போர்டில் எழுதிப் போடச் சொல்லிக் கேளுங்கள். 40ஆவது மைலில் எவ்வளவு போகிறது, 80இல் எவ்வளவு, 120இல் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரிந்தால் எது கசிவு, எது களவு என்று பிரித்துவிடலாம். இப்போது இரண்டையும் சேர்த்து "இழப்பு" என்று ஒரே எண்ணாக எழுதுகிறார்கள். களவுக்கும் சேர்த்து சிமெண்ட் போடுகிறோம்.

---

மேட்டாங்காடு:

அப்படி அளந்தால் நாங்களும் ஒளிய மாட்டோம். கசிவுத் தண்ணீர் எடுக்கிற கிணறுகளுக்கு மீட்டர் வைக்கலாம், கடைமடை முறைக்குத் தண்ணீர் போகிற நாட்களில் இத்தனை மணி நேரம்தான் இறைப்பது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். எல்லாரும் சம்மதிப்பார்களா என்றால் தெரியாது, எங்கள் கரையில் பேசிப் பார்க்கிறேன். தரையில் பூசுவதை விட்டுவிட்டுக் கரையைப் பலப்படுத்தட்டும்.

---

124ஆவது மைல்:

மீட்டருக்கு உங்கள் பக்கம் ஒத்துக்கொண்டால் எங்கள் ஆட்களிடம் நான் பேசுகிறேனுங்க. ஆனால் பூசும் கோரிக்கையை இப்போதே கைவிட முடியாது. முதலில் அந்தப் போர்டு வரட்டும். 120ஆவது மைல் எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

---

மஞ்சக்காட்டான்:

இழையைப் பூட்டாமல் விடும்படி மட்டுறுத்துநரிடம் கேட்டுக்கொள்கிறேன். ஆகஸ்ட் 15 திறப்புக்குப் பிறகு யார் யார் ஊரில் அளவுகோல் இருக்கிறது, எத்தனை அடி காட்டுகிறது என்று இங்கேயே பதியுங்கள். மைல் எண்ணைக் கட்டாயம் போடுங்கள்.